கறுப்பு வெள்ளைக் கோடு

ஹோட்டல் ஆள் அந்தப் பெரிய கண்ணாடிக் கதவைத் திறந்துவிட்டதும் டேப்பக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

உள்ளே ஒரு கோடுகூட இல்லை.

மண்டபம் நிறையப் பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி கறுப்புப் பட்டுப் புடவை கட்டி, காதில் ஒற்றை முத்து மட்டும் போட்டிருந்தாள். ஒருத்தி தரையைக் கூட்டிக்கொண்டு வரும் வெள்ளைக் கவுனில் இருந்தாள். இன்னொருத்தி கறுப்புப் பேண்ட், வெள்ளைச் சட்டை, கையில் மெல்லிசாக ஒரு கடிகாரம். ஆபீஸில் டெலிபோன் எடுக்கும் பெண்கூட வெள்ளைச் சுடிதாரில், கறுப்புத் துப்பட்டாவை ஒரு தோளில் மடித்துப் போட்டு, பத்திரிகை அட்டையிலிருந்து இறங்கி வந்தவள் மாதிரி நின்றாள். எங்கே பார்த்தாலும் கறுப்பு, எங்கே பார்த்தாலும் வெள்ளை. ஆனால் எல்லாம் வெறும் துணி. பூ இல்லை, கட்டம் இல்லை, கோடு இல்லவே இல்லை.

டேப்பக்கா மெதுவாகக் குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டாள். கழுத்திலிருந்து முழங்கால்வரை, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்புக் கோடு, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு. திரும்பிப் பார்த்தாள். பின்னால் எட்டுப் பேர். அதே துணி, அதே சட்டை, அதே கோடு.

"அக்கா..." என்றாள் ரேடியோ. வேலை நேரம் முழுக்க வாய் ஓயாதவள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். அவளுக்கே இப்போது குரல் எழும்பவில்லை. "தப்பான ஹாலுக்கு வந்துட்டோமா?"

"அதோ நம்ம மேனேஜர் நிக்கிறாரு பாரு."

"அப்ப அவங்க எல்லாரும் தப்பா வந்திருக்காங்களா?"

"வாயை மூடுடி."

கதவுக்குப் பக்கத்தில் சிரித்த முகமாய் நின்றிருந்த ஹோட்டல் பெண், எதையும் கண்டுகொள்ளாமல், ஒவ்வொருத்தியின் நெஞ்சிலும் ஒரு வெள்ளை அட்டையைக் குத்திவிட்டாள். குலுக்கல் பரிசுக்கான எண்ணாம். எல்லா விருந்தாளிகளுக்கும் உண்டாம். டேப்பக்காவுக்கு 417. அவள் நாத்தனாருக்கு 418.

"அண்ணி, எனக்கு என்னமோ பயமா இருக்கு. திரும்பிப் போயிடலாமா?" என்று நாத்தனார் அவள் கையைப் பிடித்தாள்.

திரும்பிப் போகத்தான் முடியாது. அதுதான் விஷயமே.

இந்த ஒன்பது பேரும் ஒரு சோப்புக் கம்பெனியின் பேக்கிங் செக்ஷன். பெல்ட்டில் வரிசையாக வரும் சோப்பை எடுத்து உறையில் போட்டு, உறைகளைப் பெட்டியில் அடுக்க வேண்டும். அடுக்கி முடித்த பெட்டியை மூடி டேப் ஒட்டுகிறவள் டேப்பக்கா. அந்தக் கூடத்தில் நீள மேஜை உண்டு, மின்விசிறி உண்டு, சுவரில் கடிகாரம்கூட உண்டு. உட்கார மட்டும் ஒன்றும் கிடையாது. காலையில் உள்ளே போனால் சாயங்காலம்வரை நின்ற காலில்தான் வேலை. கேட்டுப் பார்த்தாகிவிட்டது. "உட்கார்ந்தா கை தூங்கிடும்மா" என்று சூப்பர்வைசர் ஒரே வரியில் முடித்துவிடுவார்.

தன் காலுக்காக என்றால் டேப்பக்கா இன்னும் சில வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டியிருப்பாள். ஆனால் நாத்தனாருக்கு ஆறாம் மாதம். புருஷன் சொல்லாமல் கொள்ளாமல் எங்கோ போய்விட்டதால் அண்ணன் வீட்டோடு வந்து சேர்ந்தவள். இந்த வேலை ஒன்றுதான் அவளைத் தலைநிமிர்ந்து நடக்க வைத்துக்கொண்டிருந்தது. போன வாரம் டாக்டரம்மா அவள் காலைத் தொட்டுப் பார்த்தார். விரல் பட்ட இடம் குழி விழுந்து அப்படியே நின்றது. "உட்கார்ந்து வேலை செய்ய முடியும்னா செய். நிக்கணும்னா நாளையிலேருந்து போகாதே" என்று சொல்லிவிட்டார். பேக்கிங் செக்ஷனில் ஒருத்தி போனால் அடுத்த நாளே வேறொருத்தி வந்துவிடுவாள். திரும்ப இடம் கிடைக்காது. அதனால் வீங்கின காலோடு அவள் வேலைக்கு வந்துகொண்டுதான் இருந்தாள்.

அந்த நேரத்தில்தான் இந்த விருந்து அறிவிப்பு வந்தது. கம்பெனியின் வெள்ளி விழா. வெளிநாட்டிலிருந்து சரக்கு எடுக்கும் வியாபாரிகள் வருகிறார்களாம். சோப்பைப் பெட்டியில் போடும் பெண்களையும் பார்க்க வேண்டும் என்று அவர்கள் கேட்டார்களாம். முதலாளி ஒவ்வொரு மேஜைக்கும் வந்து இரண்டு வார்த்தை பேசுவாராம்.

"ரெண்டு வார்த்தை போதும். நான் கேட்டுடறேன். நீ கவலைப்படாதே" என்று டேப்பக்கா நாத்தனாரிடம் சொல்லியிருந்தாள்.

ஆக, விருந்து முக்கியம். விருந்துக்குப் போட்டுக்கொண்டு போவது அதைவிட முக்கியம்.

சூப்பர்வைசர் அந்த விஷயத்தைச் சொன்னபோது பெல்ட் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. "டிரஸ் கோடு! கறுப்பு வெள்ளை! எல்லாரும் கண்டிப்பா!" என்று தொண்டை கிழியக் கத்திவிட்டுப் போனார். அன்றைக்கு மேஜையில் சோப்பைவிட வாதம்தான் அதிகம் ஓடியது.

"கோட்டுன்னுதான் எனக்குக் கேட்டுச்சு. பெரிய ஹோட்டல்ல, கோட்டு போட்டுத்தான் உள்ள விடுவாங்களாம்" என்றாள் ரேடியோ.

"பொம்பளைங்களுக்கு ஏதுடி கோட்டு?"

"ஏன், டாக்டரம்மா போடலியா?"

"அவங்க ஊசி போடுறாங்க. நீ என்ன போடப்போற, சோப்பா?"

டேப்பக்கா எதையும் அரைகுறையாக விடுகிற ஆள் இல்லை. நேரே சூப்பர்வைசரிடமே போய், அவர் காதுக்கருகில் கத்திக் கேட்டாள். "சார்! கோட்டுங்களா, கோடுங்களா?"

"கோடும்மா, கோடு! கோட்டு இல்ல!"

"கறுப்பு வெள்ளைக் கோடா சார்?"

"ஆமாம்மா! கறுப்பு வெள்ளை!"

இதற்குமேல் ஒரு மனுஷி என்ன கேட்க முடியும்?

ஒன்பது பேரும் ஒரே மாதிரி போவது என்று முடிவு செய்ததும் அவள்தான். தனித்தனியாகப் போனால், யாராவது ஒருத்தியுடையது மட்டமாக இருந்து எல்லோரும் அவளைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஒன்றாகப் போனால் யாரை என்று பார்த்துச் சிரிப்பது? அந்த அளவுக்குக் கறுப்பு வெள்ளைக் கோட்டுத் துணி ஜன்னல் திரை விற்கும் கடையில்தான் கிடைத்தது. டேப்பக்காவின் ஓரகத்தியிடம் தையல் மெஷின் இருந்தது. நீளவாக்கில் வெட்டினால் துணி போதாது என்று அவள் குறுக்காக வெட்டிவிட்டாள். நின்றிருக்க வேண்டிய கோடெல்லாம் படுத்துக்கொண்டது. "படுத்தா என்ன, நின்னா என்ன, கோடு கோடுதானே" என்றாள் ஓரகத்தி. அதுவும் நியாயமாகத்தான் பட்டது. கறுப்புப் பேண்ட் எல்லோரும் அவரவர் வீட்டில் தேடிப் பிடித்தார்கள். பெரிய இடத்துக்கு நகை அள்ளிப் போட்டுக்கொண்டு போகக்கூடாது என்று ரேடியோ எங்கோ படித்திருந்ததால், வளையல், சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு, தலையை இழுத்து வாரிக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள்.

இப்போது நெஞ்சில் எண் வேறு.

டெலிபோன் பெண் வேகமாக அவர்களிடம் வந்தாள். அவள் கண்கள் இரண்டும் வெளியே விழுந்துவிடும் போல இருந்தன.

"அக்கா! என்னக்கா இது? எல்லாரும் சேர்ந்து முடிவு பண்ணியா வந்தீங்க?"

"கோடுன்னு சொன்னாங்களே" என்றாள் டேப்பக்கா.

"டிரஸ் கோடுன்னா கோடு போட்ட டிரஸ் இல்லக்கா! விருந்துக்கு வர்றவங்க எல்லாம் இன்ன மாதிரிதான் உடுத்தணும்னு ஒரு விதி. கறுப்போ வெள்ளையோ ஏதாவது ஒண்ணு, இல்ல ரெண்டும். அவ்வளவுதான். சாதாரண கறுப்புப் புடவை போதுமே!"

டேப்பக்காவுக்குச் சப்தநாடியும் ஒடுங்கியது. வீட்டு பீரோவில் ஒரு சாதாரணக் கறுப்புப் புடவை மடித்து வைத்தது வைத்தபடி கிடக்கிறது. எட்டுப் பெண்களை இழுத்துவந்து நடுக்கூடத்தில் கேலிப்பொருளாக நிறுத்தியிருக்கிறோமே! இந்தக் கோலத்தில் முதலாளி முன்னால் போய் வாயைத் திறந்தால் யார் காதில் ஏறும்?

ஆனால் யாரும் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. மண்டபத்தில் பேச்சு மேஜை மேஜையாக அடங்கிக்கொண்டே வந்தது. வெள்ளைக் கவுன் போட்டிருந்த வெளிநாட்டு வியாபாரி அம்மாள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவர்களையே பார்த்தாள். பக்கத்தில் இருந்த முதலாளியிடம் குனிந்து என்னவோ கேட்டாள். முதலாளி முகத்தில் ஈயாடவில்லை. பத்திரிகைப் போட்டோக்காரர் ஒருவர் ஓடிவந்து பளிச் பளிச்சென்று நாலைந்து படம் எடுத்தார்.

மேனேஜர் பாய்ந்து வந்தார். உதடு அசையாமல் பேச முயன்றதில் பாதி வார்த்தை பல்லுக்குள்ளேயே நசுங்கியது. "என்னம்மா வேலை இது? இன்னைக்கா பண்ணுவீங்க? அவங்க வந்திருக்கற அன்னைக்கா? எதுவா இருந்தாலும் என்கிட்ட வந்து சொல்லக்கூடாதா? கைதி டிரஸ்ஸாம்! நம்பராம்!"

"கைதியா?"

மேனேஜருக்குப் பின்னால் ஒரு தூண். தூணைச் சுற்றிக் கண்ணாடி. அதில் டேப்பக்கா முதல் தடவையாக ஒன்பது பேரையும் சேர்த்துப் பார்த்தாள். குறுக்குக் கோடு போட்ட தொளதொளச் சட்டை. இழுத்துக் கட்டிய தலை. நகை இல்லாத கழுத்து. நெஞ்சில் வரிசையாக எண்கள். சினிமாவில் சங்கிலி கட்டிக் கல் உடைக்கப் போகிறவர்கள் இப்படித்தான் வரிசையாக நிற்பார்கள்.

"ஐயோ!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

அதற்குள் முதலாளியே வந்துவிட்டார். மெலிந்த மனிதர், சத்தமாகப் பேசத் தெரியாதவர். கூடவே வெள்ளைப் பட்டுப் புடவையில் முதலாளியம்மா. முதலாளி கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே வந்ததை டேப்பக்கா பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை. தன்னைப் பார்த்து முதலாளி பயப்படுகிறாரா?

"என்னம்மா... நான் என்ன ஜெயிலா நடத்துறேன்?" என்றார் முதலாளி.

"ஐயோ, சத்தியமா இல்லீங்க. கோடுன்னு சொன்னாங்க. அதான் கோடு போட்டுக்கிட்டு வந்தோம்."

"யாரு சொன்னது?"

"சூப்பர்வைசர் சார்தாங்க. எல்லாரும் கண்டிப்பான்னு சொன்னாரு."

மேஜையோரம் சாய்ந்து ஜூஸ் குடித்துக்கொண்டிருந்த சூப்பர்வைசருக்குப் புரை ஏறியது. "நானா? நானா சொன்னேன்?"

"நீங்கதானே சார்! கோட்டான்னுகூடக் கேட்டேன். இல்ல, கோடுதான்னீங்களே!"

"கோடுன்னு சொன்னேன்மா, ஆனா கோடுன்னு சொல்லல!"

"நீயுமா இதுக்கு உடந்தை?" என்று மேனேஜர் அவர் பக்கம் திரும்பினார். சூப்பர்வைசர் வாயைத் திறந்து திறந்து மூடினார். வெள்ளைச் சட்டையில் ஜூஸ் கொட்டியிருந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை.

முதலாளி கையை உயர்த்தினார். "போதும். யார் சொன்னா என்ன? இவங்க இப்படி வந்து நிக்கறாங்கன்னா என்னமோ இருக்கு. சொல்லும்மா. உங்களுக்கு என்னதான் வேணும்?"

டேப்பக்கா ஒரு வாரமாக அந்தப் பேச்சை மனப்பாடம் செய்திருந்தாள். சமையலறையில் புருஷனை முதலாளியாக நிற்க வைத்து, வணக்கம் சொல்லி, கம்பெனியின் பெருமையில் ஆரம்பித்து, பொறுப்பாக முடிக்கும் பேச்சு. அதில் ஒரு எழுத்துகூட இப்போது நினைவுக்கு வரவில்லை. பின்னால் நாத்தனார் மூச்சுவிடும் சத்தம் மட்டும் கேட்டது.

"உட்காரணும் சார்" என்றாள்.

முதலாளி திகைத்துப் போனார். "உட்காருங்க! யாரு வேணாம்னது? யாரு அங்க, நாற்காலி போடுங்கப்பா இவங்களுக்கு!"

"இங்க இல்லீங்க. வேலை செய்யற இடத்துல."

"அங்க உட்கார்றதுக்கு என்ன?"

"நாற்காலி இல்லீங்களே."

முதலாளி மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் சூப்பர்வைசரைப் பார்த்தார். சூப்பர்வைசர் தரையைப் பார்த்தார்.

"இல்லையா?" என்றார் முதலாளி. "நான் வரும்போதெல்லாம் மரியாதைக்கு எல்லாரும் எழுந்து நிப்பீங்களேம்மா!"

"எழுந்து நிக்கறது இல்லீங்க. நின்னுக்கிட்டுத்தான் இருக்கோம்."

"நான்தான் ஒவ்வொரு தடவையும் உட்காருங்க, உட்காருங்கன்னு சொல்லிட்டே போவேனே!"

சொல்வார். கையை அசைத்து, சிரித்துக்கொண்டே, "உட்காருங்கம்மா, உட்காருங்க" என்று மேஜைக்கு மேஜை சொல்லிவிட்டு, வந்த வேகத்தில் அடுத்த கதவு வழியாகப் போய்விடுவார். டேப்பக்கா அதைக் கேட்டுக் கேட்டு உள்ளுக்குள் வெந்திருக்கிறாள்.

"நீங்க எங்களைக் கேலி பண்றீங்கன்னு நெனச்சோம் சார்" என்று ரேடியோ முந்திக்கொண்டாள். பயத்தில் போன குரல் மொத்தமாகத் திரும்பி வந்திருந்தது. "ஸ்டூலே இல்லாத இடத்துல உட்காருன்னு சொன்னா வேற என்ன நினைக்கிறது? வீட்டுக்குப் போற வழியெல்லாம் உங்களைத் திட்டிக்கிட்டே போவோம்."

டேப்பக்கா அவள் இடுப்பைக் கிள்ளியதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. சொல் வெளியே போய்விட்டது.

முதலாளியம்மா புருஷன் பக்கம் திரும்பினாள். "என்னங்க, எங்க பொண்ணுங்களுக்கு எவ்வளவு மரியாதை தெரியுமா, எத்தனை தடவை சொன்னாலும் உட்கார மாட்டேங்கறாங்கன்னு எத்தனை வருஷமா வீட்ல வந்து பெருமை அடிச்சிருக்கீங்க!"

டேப்பக்காவுக்கு இதுதான் பேரதிர்ச்சி. கோட்டில் ஏமாந்தது ஒரு பக்கம். இத்தனை வருஷமும் இந்த மனிதருக்கு விஷயமே தெரியாது என்பது அவளுக்கு ஜீரணமாகவில்லை. தெரிந்தே செய்கிற கல்நெஞ்சுக்காரர் என்று எத்தனை ராத்திரி வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு சபித்திருக்கிறாள்! தெரியாமல் இருந்ததும் தப்புதான், நின்று ஒரு நிமிஷம் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தபோது திட்ட வார்த்தை வரவில்லை.

முதலாளியின் பார்வை அவளைத் தாண்டி நாத்தனாரிடம் போயிற்று. கறுப்பும் வெள்ளையுமாகப் படுத்திருந்த கோடுகள் அவள் வயிற்றில் மட்டும் வளைந்து மேலேறி இறங்கின.

"இந்தப் பொண்ணும் நின்னுக்கிட்டா..."

"நேத்து சாயங்காலம்வரைக்கும்" என்றாள் டேப்பக்கா. "டாக்டரம்மா, உட்காரு இல்லாட்டி வேலையை விடுன்னு சொல்லிட்டாங்க. அதைக் கேட்கத்தான் வந்தோம். இந்த டிரஸ் நாங்க நெனச்சு செய்யலீங்க. நிஜமாவே தப்பா புரிஞ்சுக்கிட்டோம்."

அதை அவர் நம்பினாரா என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. பக்கத்து நாற்காலியை அவரே இழுத்துப் போட்டு, "உட்காரும்மா" என்றார். நாத்தனார் அண்ணியைப் பார்த்தாள். அண்ணி தலையசைத்ததும் உட்கார்ந்தாள். வெளிநாட்டு அம்மாளிடம் யாரோ நடந்ததை மொழிபெயர்த்துச் சொன்னார்கள். கேட்டு முடித்தபோது அவள் முகம் கவுனைவிட வெளுத்திருந்தது. அவளும் முதலாளியிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். அது என்ன என்று டேப்பக்காவுக்குப் புரியவில்லை. ஆனால் அதைக் கேட்டு அவர் தலையைக் குனிந்துகொண்டதைப் பார்த்தாள்.

விருந்தில் என்ன சாப்பிட்டோம் என்று ஒன்பது பேரில் ஒருத்திக்கும் நினைவில்லை.

திங்கட்கிழமை காலையிலேயே நாற்காலிகள் வந்து இறங்கின. மேனேஜர் வேர்க்க விறுவிறுக்க நின்று இறக்கினார். ஆசையாக உட்கார்ந்தவர்களுக்கு அடுத்த அதிர்ச்சி. மேஜை நின்று வேலை செய்வதற்கான உயரம். உட்கார்ந்தால் மோவாய்தான் மேஜைமேல் வந்தது. எதிரில் ரேடியோவின் நெற்றி மட்டும் தெரிந்தது.

"அக்கா, சோப்பை மூக்கால தள்ளணுமா?"

டேப்பக்கா சூப்பர்வைசரிடம் போய், உயரமான ஸ்டூல்தான் வேண்டும், சாய்ந்துகொள்ள முதுகும் வேண்டும் என்று சொன்னாள். இந்தத் தடவை பெல்ட்டை நிறுத்திவிட்டு அவர் காது கொடுத்துக் கேட்டார். சொன்னதைத் திருப்பிச் சொல்லியும் காட்டினார். புதன்கிழமை நல்ல ஸ்டூல்கள் வந்தன. நாத்தனார் ஏறி உட்கார்ந்து, கீழே இருந்த கம்பியில் காலை வைத்து, கண்ணை மூடிக்கொண்டாள். அப்புறம் பெல்ட்டிலிருந்து ஒரு சோப்பை எடுத்தாள்.

அன்று மத்தியானம் கதவு திறந்தது. முதலாளி.

சடசடவென்று எட்டு ஸ்டூல்கள் பின்னால் நகர்ந்தன. டேப்பக்கா, ரேடியோ எல்லோரும் எழுந்து விறைப்பாக நின்றார்கள்.

உள்ளே காலெடுத்து வைத்த முதலாளிக்கு முகம் செத்துவிட்டது. "மேனேஜர்!" என்று வாழ்க்கையில் முதல் தடவையாகக் கத்தினார். "இன்னுமா நாற்காலி வரலை?"

நாத்தனார் மட்டும் எழுந்திருக்கவில்லை. கையிலிருந்த உறையை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, உட்கார்ந்த இடத்திலிருந்தே திரும்பிப் பார்த்தாள்.

"வந்துடுச்சுங்க. இவங்களுக்குத்தான் இன்னும் பழகல."